தேடு: தண்ணி

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்,
எடைமேடைக் கண்ணாடிக் கூண்டு,
காலை ஷிப்ட்.
போனில் ஒரு மஞ்சள் செயலி,
பில் போடும் ஜுபைர் ஏற்றிக்கொடுத்தது.
"எதையும் தலையில வெச்சுக்காதக்கா,
இதுல எறக்கிடு" என்றான்.
எனக்குத் தெரிந்த இறக்குதல்
கிரேனில் கொக்கி மாட்டி இறக்குவது.
ஆனாலும் இறக்கினேன், மூன்று வருஷமாக.

பச்சை வீட்டுக்கு. நீலம் வேலைக்கு.
கடனுக்குச் சிவப்பு.
சிவப்பு சீக்கிரம் தீர்ந்துபோகுமோ என்று
முதலில் கை வராமல் சிக்கனமாகப் போட்டேன்.
நிறம் தீராதாம்.

லாரி என்றைக்கு என்று பார்க்கத்தான்
தேடும் கட்டத்தில் அடித்தேன்: தண்ணி.
நாற்பத்தியொரு குறிப்புகள் வந்து நின்றன.

செவ்வாய் தண்ணி லாரி, டோக்கன் 17.
மூடி இல்லாத நீலக் குடம் பவுலின் எடுத்துனு போனா, கேக்கணும்.
கேட்டேன். டிக் போட்டிருக்கிறது.
குடம் வரவில்லை.

அதன் கீழே ஒரு டிசம்பர்.
ராத்திரி 2.10 தண்ணி வாசப்படி.
2.40 தண்ணி கட்டில் கால், எண்ணெ வாடை.
3.05 சிலிண்டர் மிதக்குது. ரேஷன் கார்டு ஜாக்கெட்டுக்குள்ள
அங்கேயே நிற்கிறது, முற்றுப்புள்ளிகூட இல்லாமல்.
சார்ஜ் போயிருக்கும்.
இல்லை, கைக்கு வேறு ஏதாவது
தூக்க வேண்டியிருந்திருக்கும்.

லோகு தண்ணி.
லோகு மறுபடி தண்ணி.
லோகு 11 நாளா தண்ணி இல்ல.
அந்தப் பதினொன்றைத் தினமும் அழித்தழித்துப்
பத்தொன்பது வரை கொண்டுபோனேன்,
அப்புறம் திருத்த வேலை வைக்கவில்லை.
இப்போது பார்த்தால் பதினொன்றுதான் இருக்கிறது.
எந்த ராத்திரியில் பழையபடி மாற்றினேனோ.

சீட்டுக்காரன் தண்ணி காட்டிட்டான், பன்னெண்டாயிரம்.
ஸ்கூலுக்குத் தண்ணி பாட்டில், பேர் எழுதி.
அம்மா போனில் சொன்னது,
இதை எதற்குக் குறித்துவைத்தேன் என்று தெரியவில்லை:
அவன தண்ணி தெளிச்சு வுட்டுடு.

செயலிக்கு எல்லாம் ஒரே தண்ணி.
சொல்லுக்கு மட்டும் மஞ்சள் பூசி
குழாயடிக் குடம்போல வரிசையில் விடுகிறது,
கடைசியாகத் தொட்டது முதலில்.
லோகு மேலே வந்துவிடக் கூடாதென்று
அந்தப் பக்கம் விரல் கொண்டுபோகாமல் இருந்திருக்கிறேன்,
ஒன்றரை வருஷம்.

ஹாரன்.
கும்மிடிப்பூண்டி வண்டி, கம்பி லோடு.
மொத்தம் 27,340. காலி வண்டி 9,120.
கழித்துச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
காலி லோகு எவ்வளவு என்று
ஒரு நாளும் எழுதிவைத்ததில்லை.

அழிக்கலாம்.
முப்பது நாள் குப்பைக்கூடையில் கிடந்து
பிறகு தானாகவே இல்லாமல் போகும் என்கிறது.
இதைச் செய்தவர்கள்
கொடுங்கையூர்ப் பக்கம் வந்தவர்களாக இருக்க முடியாது.

தேடலை மூடினேன்.
எல்லாவற்றுக்கும் மேலே, நிறமில்லாமல்,
நான் எழுதாத ஒன்று.
இன்று விடிகாலை 4.50:

தன்னி புட்சிட்டேன் 4 கொடம்
நீ தூங்கினு இருந்த எயுப்பல

நிறைந்த குடங்களைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தேன்.
நேற்றையது என்று நினைத்துக்கொண்டு.

மூணு சுழி போட வேண்டிய இடத்தில்
ரெண்டு சுழி போட்டிருக்கிறான்.
ஒரு சுழி குறைந்ததில்
நாற்பத்தியொன்றில் சேராமல் தப்பியிருக்கிறது.

திருத்தப் போன விரல்
கண்ணாடிமேல் நின்றுகொண்டிருக்கிறது.
அடுத்த வண்டிக்காரன் கீழே இறங்கி வந்து
கூண்டைத் தட்டுகிறான்,
"இன்னாக்கா, எடை வருதா இல்லியா?"